நிம்மதிக் கோழி

கோழிகளைப் புல்லில் இறக்கிவிட்டால் அவை நடக்கும் என்று படமெடுக்க வந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவை நடக்கவில்லை. வைத்தது வைத்தபடி உட்கார்ந்துகொண்டன.

சுல்தான்பேட்டையைத் தாண்டி இருந்தது ஈஸ்வரியின் கறிக்கோழிப் பண்ணை. நீளமான ஷெட்டுக்கு வெளியே, விளம்பரப் படத்துக்காகக் கோயமுத்தூரிலிருந்து பாய் போல் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்திருந்தார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இயக்குநர் கையைத் தட்டிப் பார்த்தார். தீவனத்தைத் தூவிப் பார்த்தார். ஒரு கோழி மட்டும் கழுத்தை நீட்டி, எட்டியதைக் கொத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. மற்றவை கண்ணை மூடிக்கொண்டன.

"ஏங்க்கா, உங்க கோழியெல்லாம் தியானத்துல இருக்குதா?" என்றார் இயக்குநர்.

ஈஸ்வரி சிரித்தாள். "அதுகளுக்கு நடந்து பழக்கமில்லீங். ஒடம்பு ஏறுற வேகத்துக்குக் கால் வளர்றதில்லை. வெயிலையே இன்னிக்குத்தான் பாக்குதுக. கண்ணு கூசாதுங்களா?"

இயக்குநர் திருமூர்த்தியைப் பார்த்தார். திருமூர்த்தி வெண்சிறகு நிறுவனத்தின் ஆள். புள்ளியியல் படித்தவன். பண்ணைகளிலிருந்து வரும் அளவீடுகளைச் சரிபார்த்துச் சான்று தருவது அவன் வேலை. அவன் கையிலிருந்த டேப்லெட்டில், புல்லில் உட்கார்ந்திருந்த கோழிகள் எல்லாம் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. எல்லாம் பச்சை.

"நிம்மதியாத்தான் இருக்கு," என்றான் திருமூர்த்தி.

"அப்பறமென்ன, உக்காந்த மேனிக்கே எடுத்துக்கலாம்," என்றார் இயக்குநர். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, புல் நுனி அசைவதையும் பின்னால் கோழி கண்மூடி இருப்பதையும் எடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ கோழி ஷெட்டுகளுக்குள் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். கால் மடங்கிக் கிடந்த கோழிகளையும், செத்ததன் மேலேயே ஏறித் தீனி தின்ற கோழிகளையும் நகரத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்கள். வியாபாரம் படுத்தது. அப்போதுதான் வெண்சிறகு 'உள்ளொலி' என்ற கருவியைக் கொண்டுவந்தது. கோழியின் காலில் ஒரு வளையம். நாடித் துடிப்பையும், மூச்சையும், நம் காதுக்கு எட்டாத தொண்டை முனகலையும் அது கேட்கும். கேட்டதை நிறமாகச் சொல்லும். சிவப்பு என்றால் பயம். மஞ்சள் என்றால் தவிப்பு. பச்சை என்றால் நிம்மதி.

'நாங்கள் சொல்லவில்லை. கோழியே சொல்கிறது' என்று முதல் விளம்பரம் வந்தது. அடுத்து வந்ததுதான் ஊரெல்லாம் பரவியது. 'நிம்மதியாக வாழ்ந்தது. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.' கறிப் பொட்டலத்தின் மேல் கைப்பேசியைக் காட்டினால், உள்ளே இருக்கும் கோழி தன் வாழ்நாளில் எவ்வளவு நேரம் நிம்மதியாக இருந்தது என்று வரும். கல்யாண வீடுகளில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்து அதைக் காட்டினார்கள். ஷெட்டுக்குள் எதுவும் மாறவில்லை. அதே இட நெருக்கம், அதே வேகத்தில் வளரும் குஞ்சு, அதே அணையாத விளக்கு. காலில் வளையம் மட்டும் புதிது.

இந்த விளம்பரம் பொய் என்று ஒரு நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. அடுத்த வாரம் விசாரணை. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று நிறுவனத்தின் சார்பில் சாட்சி சொல்லப்போவது திருமூர்த்திதான். அவனும் அதை நம்பினான். நம்புவதற்கு அவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது.

போன ஆடியில் அவன் மனைவி வினோதினி இறந்துபோனாள். புற்றுநோய். கடைசி நாட்களில் அவளால் பேச முடியவில்லை, கையை அசைக்கவும் முடியவில்லை. வாய் பேச முடியாத நோயாளிகளுக்கென்று அந்த மருத்துவமனையில் உள்ளொலி வைத்திருந்தார்கள். கோழிக்குக் காலில் இருப்பது அவளுக்கு மணிக்கட்டில் இருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. அது கடைசி வரை பச்சையாகவே எரிந்தது.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை. அழுகை வரவில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆள் நன்றாகத் தேறிவிட்டான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். வினோதினியின் அம்மா சாரதாம்பாளுக்கு வேறு பிள்ளைகள் இல்லை. மகள் போன பிறகும் அவர் சிங்காநல்லூர் வீட்டில் மருமகனோடேயே இருந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். "கடைசி வரைக்கும் பச்சைதானுங் எரிஞ்சுது. என்ற புள்ள வலியில்லாமப் போனா." உள்ளறையில் இருக்கும் திருமூர்த்திக்குக் கேட்கிற மாதிரி சற்றுச் சத்தமாகத்தான் சொல்வார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டில் இரண்டு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

படமெடுத்தவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கோழி பிடிக்கிற லாரி வந்தது. வழக்கமாக இருட்டிய பிறகுதான் பிடிப்பார்களாம். ஏதோ பெரிய விருந்து, பகலிலேயே வந்துவிட்டார்கள். பிடிக்கும் நேரத்தில் திருமூர்த்தி எந்தப் பண்ணையிலும் இருந்ததில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து நிறங்களுக்குச் சராசரி போடுகிறவன் அவன். பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான்.

ஆட்கள் உள்ளே இறங்கியதும் கோழிகள் மூலைக்கு ஒதுங்கி ஒன்றன் மேல் ஒன்று ஏறின. டேப்லெட் சிவந்தது. பிடிக்கும் நேரத்துச் சிவப்பு சீக்கிரம் தணிந்துவிடும் என்று அவனே அறிக்கைகளில் எழுதியிருக்கிறான். ஒருவர் குனிந்து, காலைப் பிடித்து, ஒரு கைக்கு நான்கைந்து கோழிகளைத் தலைகீழாகத் தூக்கினார். இறக்கைகள் படபடவென்று அடித்தன. பிறகு தளர்ந்தன. தலைகள் தொங்கின.

"அடங்கிருச்சு, வாங்கிக்க," என்றார் அவர், லாரி மேல் நின்றவரிடம்.

டேப்லெட்டில் அந்தக் கோழிகள் பச்சையாயின.

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். தலைகீழாகத் தொங்கிய கோழிகளின் அலகு பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது. மறுபடி டேப்லெட்டைப் பார்த்தான். அடுத்த ஆள் தூக்கினார். அடித்தது, தளர்ந்தது. "அடங்கிருச்சு." பச்சை. அவன் ஷெட்டின் ஓரமாக நடந்தான். சுவரை ஒட்டிக் காலையிலிருந்தே ஒரு கோழி சுருண்டு கிடந்தது. ஈஸ்வரி அதைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இதும் அடங்கிரும் இன்னொரு நாழில," என்றாள்.

அந்த ஷெட்டிலேயே அதிகப் பச்சையாக இருந்தது அதுதான்.

உள்ளொலியை உருவாக்கியவர்களில் ஒருவன் ஜெரால்டு. நாகர்கோவில்காரன், திருமூர்த்தியின் கல்லூரித் தோழன். மறுநாள் பீளமேட்டில் ஒரு பேக்கரியில் இருவரும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி பண்ணையில் பார்த்ததைச் சொன்னான். ஜெரால்டு சிரித்தான்.

"மக்கா, மெஷினுக்குக் கோழி பாஷை யாரு சொல்லிக் குடுத்தான்னு நினைச்ச? இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரங்கதான். சத்தம் பதிவாகும்போது கோழி என்ன செய்யுதுன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொன்னோம். பயந்துக்குது, தண்ணிக்கு அலையுது, அடிச்சுக்குது, இப்படி. எல்லாத்தையும் விட அதிகமா வந்த சொல்லு அடங்கிருச்சு."

"எதுக்குச் சொன்னாங்க?"

"எல்லாத்துக்கும்தான். தீனி தின்னு வயிறு நெறஞ்சு உக்காந்தாலும் அடங்கிருச்சு. துள்ளித் துள்ளி ஓஞ்சுபோனாலும் அடங்கிருச்சு. சாகப் போறதும் அடங்கப் போகுது. மெஷினுக்கு மூணும் ஒண்ணாப் போச்சு. உடம்பு மெதுவாகும், சத்தம் நின்னுரும், அவ்வளவுதானே அதுக்குத் தெரியும்? பெங்களூர்ல புரோகிராம் எழுதினவங்க, தமிழ் தெரியாதவங்க, இதுக்கு அர்த்தம் கேட்டாங்க. அகராதியைப் பாத்து அமைதியாதல்னு எழுதிக் குடுத்தோம். அது உங்க விளம்பரக்காரங்க கைக்கு வந்து நிம்மதின்னு ஆச்சு. நாங்க யாரும் பொய் சொல்லலை மக்கா. ஆளுக்கு ஒரு சொல்லு மாத்தினோம்."

சொல்லிக்கொண்டே வந்தவன் எதிரில் இருப்பது யார் என்று நினைவு வந்து நிறுத்தினான். டீயைக் கீழே வைத்தான்.

திருமூர்த்தி கேட்டான். "ஆஸ்பத்திரியில இருக்கறது?"

ஜெரால்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். மனுஷ உடம்பை மெஷினுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை, பேசமுடியாத நோயாளி என்ன உணர்கிறார் என்று சொல்ல ஆளும் இல்லை என்று மெதுவாகச் சொன்னான். அடித்தளம் ஒன்றுதான். கோழிக்கு நிம்மதி என்று இருந்ததை அங்கே மாற்றி எழுதினார்கள்.

"என்னன்னு?"

"வலியின்மை."

அந்த மருத்துவமனையில் பச்சை எரிந்தால் வலி மருந்தைக் குறைப்பது வழக்கம். நர்ஸ் வந்து, "நல்லா இருக்காங்க சார், டோஸ் கொறைச்சிருக்கு," என்பார். திருமூர்த்தி ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லியிருக்கிறான்.

ஜெரால்டின் பையில் மாதிரிக்கு ஒரு மணிக்கட்டு வளையம் இருந்தது. திருமூர்த்தி அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். அதன் ஓரத்தில் இருந்த சின்னப் புள்ளி கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சையாக நின்றது. ஜெரால்டு தேங்காய் பன்னைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தான்.

விளம்பரப் பிரிவின் தலைவர் சபாபதி கெட்டவர் இல்லை. வினோதினி இறந்தபோது மயானம் வரை வந்தவர், காரியம் முடிந்தும் அவ்வப்போது வீட்டுக்கு வந்து சாரதாம்பாளிடம் பேசிவிட்டுப் போகிறவர். விசாரணைக்கு முந்தின நாள் திருமூர்த்தி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோழிக்கு நிம்மதி என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். கோழிக்காக யாரும் அந்தப் பொட்டலத்தை வாங்கவில்லை. சாப்பிடுகிறவனுக்கு உறுத்தாமல் இருக்கவேண்டும், நாம் விற்பது அதைத்தான் என்றார். வேலை போய்விடும் என்றெல்லாம் அவர் மிரட்டவில்லை. அவன் தோளில் கை வைத்தார்.

"நான் கோழிக்காகச் சொல்லலை மூர்த்தி. நாளைக்கு நீங்க அங்க நின்னு இந்த மெஷின் பொய்னு சொன்னா, டிவியில அத்தனை பேரும் பாப்பாங்க. உங்க மாமியாரும் பாப்பாங்க. அந்தம்மாவுக்கு வேற என்ன இருக்குது, சொல்லுங்க. உங்களுக்குத்தான் வேற என்ன இருக்குது?"

திருமூர்த்தி எழுந்து கதவைத் திறந்தான். வீட்டுக்குப் போனான். சாரதாம்பாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பச்சைதானுங் எரிஞ்சுது என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும், "சாப்படறீங்களா மாப்ள?" என்றார். அவன் தலையாட்டினான். சாப்பிட்டான். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்து, ரசம் கேட்டான்.

விசாரணை ஒரு பெரிய அறையில் நடந்தது. வழக்கை விசாரிக்கும் குழுவில் இருந்தவர்கள் களைப்பாக இருந்தார்கள். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் திருமூர்த்தியைக் கேட்டார். கருவி சரியாக வேலை செய்கிறது, அது காட்டுவதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் சரியில்லை என்றான். வழக்கறிஞர் சபாபதியைத் திரும்பிப் பார்த்தார். சபாபதி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி பிடிக்கும் நேரத்து அளவீடுகளைக் காட்டினான். செத்துக்கொண்டிருந்த கோழியின் பச்சையைக் காட்டினான். அடங்கிருச்சு என்ற சொல் எந்த வழியாக எங்கே போனது என்று சொன்னான். அறையில் சிலர் சிரித்தார்கள்.

குழுத் தலைவி ஒரு வயதான அம்மாள். கோழி துன்பப்படவில்லை, வெறுமனே சோர்ந்து போயிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாமே, பச்சை தவறு என்பதற்கு என்ன நிரூபணம் என்று கேட்டார்.

திருமூர்த்தி சட்டைக் கையை மடக்கி மணிக்கட்டைக் காட்டினான்.

"இது ஆஸ்பத்திரியில பேச முடியாதவங்களுக்கு மாட்டறதுங்க. அதே கருவி. நாலு நாளா மாட்டியிருக்கேன். என் மனைவி போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. இது பச்சையைத் தவிர வேற எதுவும் காட்டலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே இடைக்கால உத்தரவு வந்தது. கோழிக்கறி விளம்பரத்திலும் பொட்டலத்திலும் 'நிம்மதி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. படியிறங்கும்போது சபாபதி அவனோடு சேர்ந்து நடந்தார். கோபம் இல்லை. "நாளைக்கே 'அமைதிக் கோழி'ன்னு அடிச்சிருவோம். அது அகராதியிலயே இருக்குதாமில்ல," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "வீட்டுக்குப் போங்க. அந்தம்மா தனியா இருப்பாங்க," என்றார்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். சாரதாம்பாள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். மன்னிச்சிருங்க அத்தை என்றான்.

"எனக்குத் தெரியுமுங் மாப்ள," என்றார் அவர்.

அவனுக்குப் புரியவில்லை.

"ராத்திரி பகலா அவ காலைத்தானே புடிச்சுட்டு இருந்தேன். விரலெல்லாம் உள்ளுக்கு மடங்கிக் கெடந்துது. நீவி விட்டா மறுபடியும் மடங்கும். சின்னதுல வயித்து வலின்னு படுத்தாலும் அவளுக்கு அப்பிடித்தான். நர்ஸம்மாகிட்டச் சொன்னனுங். அம்மா, பச்சை எரியுது பாருங்கன்னாங்க. படிச்சவங்க வெச்ச லைட்டு. என்ற கையை நம்பறதா, லைட்டை நம்பறதா? லைட்டை நம்பிட்டேன்."

"அப்பறம் ஏன் எல்லாருகிட்டயும்..."

"நீங்க உள்ள படுத்திருப்பீங்களே. உங்களுக்குக் கேக்கோணும்னுதான். நீங்க ஒருத்தராச்சும் நம்பிட்டு இருக்கோணும்னு."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது அது அவன் குரல் மாதிரி இல்லை. சாரதாம்பாள் எழுந்து வந்து அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழாதே என்று சொல்லவில்லை. அது நிற்கும்வரை காத்திருந்தார். நின்ற பிறகு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கறனுங். அந்த வார்டுல இப்பப் படுத்திருக்கறவங்களுக்கு மருந்தக் கூட்டச் சொல்லிட்டாங்களா?"

அவன் அதை நினைக்கவே இல்லை.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஸ்கூட்டரில் போனார்கள். வார்டு நர்ஸுக்கு அவர்களை அடையாளம் தெரிந்தது. அவரும் டிவியில் பார்த்திருந்தார். திருமூர்த்தி விஷயத்தைச் சொன்னதும் சங்கடப்பட்டார்.

"எங்களுக்கு எதுவும் வரலீங் சார். உத்தரவு கோழிக்கு மட்டுந்தானுங்களே."

டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றார் சாரதாம்பாள். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றார் நர்ஸ். "எங்கிருந்தாலும் பரவால்லை கண்ணு, காட்டு," என்று சாரதாம்பாள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வராந்தாவின் திருப்பத்தில் இருவரும் மறைந்தார்கள்.

திருமூர்த்தி வார்டுக்குள் நின்றான். இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு விளக்கு. எல்லாம் ஒரே நிறம்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். அருகில் நாற்காலியில் அவள் கணவன், சவரம் செய்யாத முகம், இரண்டு நாள் சட்டை. திருமூர்த்தி விளக்கைப் பார்ப்பதை அவன் கவனித்தான். பேச ஆள் கிடைத்த ஆறுதலில் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டான். தாராபுரம் பக்கம் ஊர் என்றான். மனைவி பெயர் கோகிலா. காலையிலிருந்து பச்சையாகவே எரிகிறது, மருந்தைக்கூடக் குறைத்துவிட்டார்கள் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவு திருமூர்த்திக்குத் தெரியும்.

திருமூர்த்தி கட்டிலின் கால்மாட்டுக்குப் போனான். போர்வையின் நுனியை மெல்ல விலக்கினான். கால் விரல்கள் உள்ளுக்கு மடங்கியிருந்தன.

"நல்லாத் தூங்கறாங்க," என்றான் அந்தக் கணவன்.

திருமூர்த்தி குனிந்து அந்தப் பாதத்தைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான்.

"இல்லீங்க," என்றான். "தூங்கலை. இங்க வந்து பாருங்க."